பொட்டலில் போட்ட பந்தி

என் பெரியப்பா மகள் எனக்கு மூன்று மாதம் மூத்தவள். அந்த மூன்று மாதத்துக்காக அவளை நான் அக்கா என்று கூப்பிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, தீபாவளிக்கு ஒரே துணியில் வெட்டித் தைத்த பாவாடை. வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்கள் செருப்பைக் கழற்றும்போதே, "எங்க அந்த வாயாடி?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். அது அவளைத்தான். என்னைக் கேட்டு யாரும் வந்ததாக நினைவில்லை. நான் முதல் மார்க் வாங்குகிறவள். முதல் மார்க் வாங்குகிறவளிடம் போய் யார் என்ன பேசுவது?

அதனால் காரைக்குடியில் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு என்.சி.சி. வந்தபோது முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். வங்காளதேசச் சண்டை முடிந்திருந்த சமயம். பட்டாளம் என்றாலே ஊரில் ஒரு மரியாதை. காக்கி உடுப்பு, தொப்பி, பூட்ஸ், வாயைத் திறக்காமல் நேராக நடப்பது. இந்த ஒரு விஷயத்தில் அவளால் என்னை மிஞ்ச முடியாது என்று கணக்குப் போட்டேன். மறுநாளே அவளும் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றாள்.

கணக்கு தப்பவில்லை. எது இடது கால், எது வலது கால் என்பது அவளுக்குக் கடைசி நொடியில்தான் தெரியும். ஹவில்தார் "தேஜ் சல்" என்றால் எல்லாரும் கிளம்பிய பிறகு கிளம்புவாள். "தம்" என்றால் இன்னும் இரண்டடி போய் முன்னால் நிற்கிறவள் முதுகில் முட்டுவாள். நான் செக்‌ஷன் லீடர் ஆனேன். என்னையும் சேர்த்துப் பத்துப் பேர். அதில் அவள் கடைசி ஆள். அந்த வருஷம் முழுக்க நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

கோடை விடுமுறையில் மானகிரிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்து நாள் முகாம் போட்டார்கள். சித்திரை வெயில். சுற்றிலும் செம்மண் பொட்டல். அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்ற உடைமரங்களின் நிழல் ஓர் ஆட்டுக்குட்டிக்குக்கூடக் காணாது. எட்டாம் நாள் நீண்ட நடை. மூன்று மைல் நடந்து கண்மாய்க் கரையைத் தொட்டுவிட்டு, அதே மூன்று மைல் திரும்பி வர வேண்டும். வழியில் ஒருத்தர்கூட உட்காராமல் பத்துப் பேரும் முழுசாக வந்துசேரும் செக்‌ஷனின் லீடர்தான் கடைசி நாள் அணிவகுப்பில் கொடி பிடித்து முன்னால் போவாள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். எங்களுக்குப் பூகோளம் நடத்துகிறவர். என்.சி.சி.க்கும் அவர்தான் அதிகாரி.

கடைசி நாள் வீட்டிலிருந்து ஆட்கள் வருவார்கள். அப்பாவும் பெரியப்பாவும் அடுத்தடுத்த நாற்காலியில் இருப்பார்கள். நான் கொடியோடு முன்னால் போவேன், அவள் வரிசைக் கடைசியில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வருவாள். இந்தக் காட்சியை எட்டு நாளாக மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

போகும்போது தெம்பாகத்தான் போனோம். கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. திரும்பும்போது பூட்ஸுக்குள் மணல் புகுந்து சுட்டது. சொன்ன இடத்தில் நின்றுதான் தண்ணீர் குடிக்கலாம் என்பது உத்தரவு. பத்தர் வீட்டுத் தெய்வானை, கொஞ்சம் கனத்த உடம்புக்காரி, அழ ஆரம்பித்தாள். "என்னால முடியலடி, நான் உக்காரப் போறேன்" என்றாள். "உட்காரக் கூடாது, நட" என்று நான் அதட்டினேன். அழுகை கூடியது.

அப்போது வரிசைக் கடைசியிலிருந்து அவள் குரல் வந்தது.

"எல்லாரும் உக்காந்தாச்சா? எலை போட்டாச்சு. எந்திரிக்காம நடந்துக்கிட்டே சாப்பிடுங்க."

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பரிமாறுகிறவர்கள் வேறு, பந்தி விசாரிக்கிறவர் வேறு. வீட்டுப் பெரிய மனிதர் ஒருவர் இலை இலையாகக் குனிந்து பார்த்து, போதாத இடத்துக்கு ஆளைக் கூப்பிட்டு, கைகூப்பிக்கொண்டே போவார். அவள் அப்படியே பெரியப்பாவின் குரலை எடுத்துக்கொண்டாள்.

"தெய்வானை ஆத்தா, என்ன சும்மா உக்காந்திருக்கீக? தம்பி, இங்குட்டு நெய் ஊத்து. அங்குட்டு ஒரு கரண்டி பருப்பு. மாப்பிள்ளை வீட்டுக்காரவுக, கூச்சப்படக் கூடாது."

அழுதுகொண்டிருந்த தெய்வானைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு வெண்டைக்கா மண்டி காணல" என்றாள்.

"மண்டி வருது, வழியில இருக்கு. அதுக்குள்ள சாம்பாரை ஒரு கை பாருங்க."

ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி அப்பளத்துக்குச் சண்டை பிடித்தாள். ஒருத்தி பால் பணியாரத்தை மடியில் கட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டாள். கால்கள் தாமாக நடந்தன. ஒரு மைல் போனதே தெரியவில்லை. தண்ணீர்ப் பீப்பாயோடு மாட்டுவண்டியில் பின்னால் வந்த டீச்சர் எங்கள் பக்கத்தில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லி, "யாருடி அது பந்தி விசாரிக்கிறது? நல்லாருக்கு, விடாம விசாரி" என்று அவளைப் பார்த்துச் சொன்னார்.

செக்‌ஷன் என்னுடையது. நேராக நடந்தது நான். எனக்கு வயிறு எரிந்தது. இனி கொடி கிடைத்தாலும் அது அவள் வாங்கிக் கொடுத்ததாகத்தானே இருக்கும்? அப்பாவே, "வாயாடி இல்லைன்னா நீ ஜெயிச்சிருப்பியா?" என்று கேட்பது என் காதில் விழுந்தது.

"போதும், இனிமே நான் பரிமாறுறேன்" என்றேன்.

அவள் முகம் சுளிக்கவில்லை. "லீடரம்மா வந்துட்டாக, வழி விடுங்க" என்றாள்.

இந்த வெயிலுக்கு எது இதமாக இருக்கும் என்று யோசித்தேன். பிடிபட்டது. "மோர்" என்றேன். "பானையில வச்ச மோர். இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் போட்டது. எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு கரண்டி."

முதலில் எல்லாரும் நாக்கைச் சப்புக் கொட்டினார்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு பேச்சு நின்றது. அடுத்து என்ன வேண்டும் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. மோர் வந்துவிட்டால் பிறகு கேட்க என்ன இருக்கிறது, கை கழுவ வேண்டியதுதான். ஒரு மைல் தூரம் ரசத்தைக்கூட எட்ட விடாமல் அவள் சாம்பாரிலேயே இழுத்துக்கொண்டு வந்தது ஏன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்ப பந்தி முடிஞ்சிருச்சா?" என்றாள் தெய்வானை. அவள் நடை தளர்ந்தது. அதைப் பார்த்து மற்றவர்களும் காலை இழுத்தார்கள். இன்னும் இரண்டு மைல் இருந்தது.

பின்னாலிருந்து உடனே குரல் வந்தது. "மொதப் பந்திதானே முடிஞ்சது? ரெண்டாம் பந்திக்கு எலை போடுறாக, எடம் பிடிங்க."

நான் திரும்பிப் பார்க்காமல் கத்தினேன். "அணிவகுப்புல பேசக் கூடாது. இது என் உத்தரவு. இனிமே எவளாவது பேசினா டீச்சர்கிட்டச் சொல்லுவேன்."

எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவளும்தான். பூட்ஸ் சத்தமும் மூச்சிரைப்பும் மட்டும் கேட்டன. யாரையும் அழவோ உட்காரவோ விடாமல் கொண்டுபோய்ச் சேர்க்க என்னாலும் முடியும் என்று காட்ட நினைத்தேன். என் கண் முழுக்கத் தெய்வானை மேல்தான். விழுந்தால் அவள்தான் விழுவாள் என்று பார்த்துக்கொண்டே நடந்தேன்.

முகாம் பள்ளிக்கூடத்தின் கூரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பின்னால் பொத்தென்று சத்தம் கேட்டது. திரும்பினால், அக்கா செம்மண்ணில் குப்புறக் கிடந்தாள்.

டீச்சர் வண்டியிலிருந்து குதித்து ஓடி வந்தார். தெய்வானை தொப்பியால் விசிறினாள். இரண்டு பேர் தலையைத் தூக்கிப் பிடித்தார்கள். ஒருத்தி அவள் பூட்ஸைக் கழற்றினாள். வண்டியில் ஏற்றி, ஈரத் துண்டைத் தலையில் போட்டுக் கொண்டுபோனார்கள். நான் மட்டும் நின்ற இடத்தில் விறைப்பாக நின்றேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு எனக்குக் கொடி கிடைக்கக் கூடாது என்றே விழுந்திருக்கிறாள் என்று நினைத்தேன். மயங்கி விழுந்தால்கூட எல்லாரும் அவளையே சுற்றி நிற்கிறார்களே என்று பொறாமையாக இருந்தது. இதைச் சொல்ல இன்றைக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கொடி வேறு செக்‌ஷனுக்குப் போனது.

மத்தியானம் டீச்சர் என் கையில் கஞ்சிச் செம்பைக் கொடுத்து அவள் படுத்திருந்த வகுப்பறைக்கு அனுப்பினார். எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் செம்பைப் பிடித்துக் குடித்தாள். உதடு வெடித்திருந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்காமல், "வேணும்னேதானே விழுந்த?" என்று கேட்டேன்.

அவளுக்குக் கோபம் வரவில்லை.

"இல்லடி. வாயை மூடினதும்தான் எனக்கு வெயில் தெரிஞ்சுச்சு" என்றாள்.

நான் செம்பைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். குத்திக் காட்டுகிறாள் என்றுதான் பட்டது. ஊருக்குத் திரும்பிய பிறகும் பள்ளிக்கூடம் திறக்கும்வரை அவளோடு பேசவில்லை. ஆறு மைலும் என் தலையில் அடித்த அதே வெயில்தான் அவள் தலையிலும் அடித்தது என்பது எனக்கு அப்போது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.