மாதா திருப்பித் தந்த ஒருசந்தி

மாதாவின் பிள்ளைகளே, நான் கோபக்காரி. இந்தச் சாட்சியையும் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. என் மகள் செலினுக்கு அப்போது பதினைந்து வயது. முத்தையாபுரத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குத் தோணியில் வேலை. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிக்கொண்டு போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். நான் உப்புப் பாக்கெட் போடும் வேலைக்குப் போய்வந்தேன். வீட்டில் நானும் அவளும் மட்டும்.

பத்தாம் வகுப்புக்குப் போனதிலிருந்து அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் போகமாட்டாள். வாயைத் திறந்தால் சண்டை. என் கல்யாணச் சேலையைக் கத்தரிக்கோலால் வெட்டிப்போட்டாள். சோற்றுத் தட்டைச் சுவரில் எறிந்தாள். ஆத்திரம் வந்தால் வீட்டைவிட்டுப் போய்விடுவாள். பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், கடற்கரையில் பார்த்தேன் என்று யாராவது வந்து சொல்வார்கள். ஒருநாள் திரும்பியே வரமாட்டாள் என்ற பயத்திலேயே இருந்தேன்.

அப்போதுதான் வரிசையாக வந்தார்கள் ஆலோசனை சொல்ல. பக்கத்து வீட்டுப் பிரகாசி மதினி, செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு ஒருசந்தி இரு என்றாள். அன்றைக்கு ஒரு வேளைச் சோறு மட்டும். இருந்தேன். கோயிலில் இன்னொருத்தி வெள்ளிக்கிழமையையும் சேர்த்துக்கொள் என்றாள். சேர்த்தேன். மாதாவின் சனிக்கிழமையை விட்டுவிட்டாயே என்றாள் மூன்றாவது ஒருத்தி. செருப்பை விட்டேன். பூவை விட்டேன். பாயை விட்டு வெறுந்தரையில் படுத்தேன். கடைசியில் மீனையும் விட்டேன். கடற்கரைப் பெண்பிள்ளை மீனை விடுவது என்னவென்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தவக்காலத்தில் தொடங்கியது, அடுத்த தவக்காலத்தையும் தாண்டிப் போயிற்று.

தூங்கினாயா என்று ஒருத்தியாவது கேட்டாளா? கேட்கவில்லை. செலின் அடுத்த தட்டை உடைத்தால், "ஏளா, ஒன் செபத்துல என்னமோ கொற இருக்கு" என்று சொல்ல மட்டும் வந்தார்கள். இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என்மேலும் கோபம்தான். நான் அந்தப் பட்டினியைக் கடவுளுக்கு மட்டும் ஒப்புக்கொடுக்கவில்லை. மகள் சாப்பிட உட்காரும்போதெல்லாம் எதிரில் போய் நின்று, "தின்னு. ஒனக்காகத்தான் ஏளா நான் பட்டினி கெடக்கேன்" என்று சொல்லிக்காட்டினேன். பெயர் ஒருசந்தி. உள்ளே இருந்தது பழிவாங்கல். ஒருநாள் அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"நான் கேட்டனா? நீ பட்டினி கெடக்குற ஒவ்வொரு நாளும் பழி என் தலையிலதான விழுது."

அறைந்துவிட்டேன். அவள் கிளம்பிப் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம்வரை வரவில்லை. பிரகாசி மதினியின் வீட்டுக்காரர் சைக்கிளில் வந்து, ஹார்பர் ரோட்டில் ஒரு லாரிக்காரனிடம் பேசிக்கொண்டு நிற்கிறாள் என்றார். அன்று வெள்ளிக்கிழமை. எழுந்து ஓடினேன். தெருமுனையைத் தாண்டவில்லை, கண் இருண்டு விழுந்தேன். விழித்தபோது யாரோ முகத்தில் சோடா தெளித்துக்கொண்டிருந்தார்கள். சைக்கிளில் வந்த அந்த அண்ணன்தான் திரும்பிப் போய், லாரி கிளம்புவதற்குள் அவளைக் கூட்டிவந்தார். அவளுக்காகத்தான் பட்டினி கிடந்தேன். அவளிடம் ஓட எனக்குக் காலில் பலமில்லை.

அதற்கும் எனக்குப் புத்தி வரவில்லை. ஒருசந்தி போதவில்லை என்றுதான் நினைத்தேன். நாற்பது நாள் வெறும் கஞ்சி குடிப்பதாக நேர்ந்துகொள்ள, மறுநாள் காலையில் எங்கள் கோயில் சாமியாரைப் பார்க்கப் போனேன். பங்குக்குப் புதிதாக வந்தவர், என்னைவிட வயதில் சிறியவர். இதுவரை நேர்ந்துகொண்டதையெல்லாம் சொல்லச் சொன்னார். விரல்விட்டுச் சொன்னேன்.

"எல்லாத்தையும் இன்னையோட எடுத்துட்டேம்மா" என்றார். "நேர்ச்சையை மாத்திக் குடுக்க எனக்கு அதிகாரம் உண்டு. இனி மூணு வேளையும் சாப்பிடணும். மீனும் சாப்பிடணும். பாயில படுக்கணும். ஞாயித்துக்கெழம சாயந்தரம் ஒரு மணி நேரம், பிள்ளையப் பத்திப் பேசாத ஆளோட போயி உக்காரணும். இதுதான் ஒங்க நேர்ச்சை."

"பதினாலு மாசம் பட்டினி கெடந்தது நான், சாமி. அத எடுக்க நீங்க யாரு?"

சாமியாரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதலும் கடைசியும். அவர் கோபப்படவில்லை. "மாதாட்ட போயிக் கேளுங்க" என்றார்.

போனேன். கோயிலில் ஒருவரும் இல்லை. முழங்கால் போடவில்லை. நின்றுகொண்டே சண்டை போட்டேன்.

"நீயும் ஒரு பிள்ளைய வளத்தவதான. பன்னெண்டு வயசுல திருவிழாவுக்குப் போன எடத்துல ஒம் மகனத் தொலச்சிட்டு மூணு நாள் தேடுன. கண்டுபிடிச்சா, என்ன எதுக்குத் தேடுனீங்கன்னு கேட்டான். என் வயித்தெரிச்சல் ஒனக்குத் தெரியாதா? அப்ப நீ என்ன நேர்ந்த? எத்தன நாளு பட்டினி கெடந்த?"

கேட்ட பிறகுதான் யோசித்தேன். அவள் ஒரு நாள் தூரம் வந்த வழியைத் திரும்ப நடந்திருக்கிறாள். தெருத்தெருவாக அலைந்திருக்கிறாள். தின்னாமல் எப்படி நடந்திருப்பாள்? வழியில் எங்கேயாவது உட்கார்ந்து, அழுதுகொண்டேயாவது, இரண்டு வாய் அப்பம் தின்றுதானே இருப்பாள். நான் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. சிலை பேசவில்லை. ஒரு குரலும் கேட்கவில்லை. ஆனால் பதினாலு மாதம் வராத பதில், நான் சண்டை போட்ட அந்த இடத்தில் வந்துவிட்டது.

அன்று சனிக்கிழமை, என் ஒருசந்தி நாள். மார்க்கெட்டில் பாரை மீன் வாங்கிவந்து குழம்பு வைத்தேன். வாசனைக்குச் செலின் அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"யாருக்கு?"

"எனக்கு."

ஒரு தட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். நடுத்துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

அன்றோடு அவள் மாறிவிட்டாள் என்று எழுதினால் அது பொய்ச்சாட்சி. பிறகும் உடைத்தாள், பிறகும் கத்தினாள். மாறியது முதலில் நான்தான். தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பிரகாசி மதினியோடு கடற்கரையில் போய் உட்கார்ந்தேன். செலின் பெயரை எடுத்தால் எழுந்துபோய்விடுவேன் என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன். பாவம், முதல் வாரம் கால் மணி நேரத்துக்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்துச் செலின் மறுபடியும் போய்விட்டாள். புன்னைக்காயல் பஸ்ஸில் ஏறினாள் என்று தகவல் வந்தது. நான் இரண்டு வாய் பழைய சோறு தின்றேன். செருப்பைப் போட்டேன். பஸ் பிடித்துப் போய், வெயிலில் கடற்கரை முழுக்கத் தேடினேன். ஒரு வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். என் கோபம் எங்கேயும் போகவில்லை, ஆனால் கை ஓங்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டுட்டுதான் வாரேன்."

என் மடியில் தலையை வைத்து அழுதாள். ஒரு வருடத்துக்குமேல் மனதில் பூட்டி வைத்திருந்ததை அன்றுதான் சொன்னாள். அது அவளுடைய சாட்சி, எழுத எனக்கு உரிமையில்லை. நான் முழுவதையும் கேட்டேன். கேட்க எனக்குத் தெம்பு இருந்தது.

இன்று அவள் வேலைக்குப் போகிறாள். இன்னமும் என்னோடு சண்டை போடுவாள், ஆனால் வீட்டைவிட்டுப் போவதில்லை. மாதாவே, உனக்கு நன்றி. என் பட்டினியை நீ வாங்கிக்கொள்ளாததற்கு நன்றி.

ஒருசந்தி தப்பு என்று நான் சொல்லவில்லை. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நானும் இருக்கிறேன், யாரிடமும் சொல்லிக்காட்டாமல். ஆனால் பிள்ளையால் நொந்து கிடக்கிற ஒரு தாயிடம், இன்னும் ஒரு நாள் பட்டினி கிட என்று சொல்லப் போகிறவர்கள் முதலில் என் வீட்டுக்கு வாருங்கள். நான் பேசிக்கொள்கிறேன்.

பிள்ளையை நினைத்து அழுகிற தாய்மார்களே, தகப்பன்மார்களே, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தப் பிள்ளை கதவைத் தள்ளிக்கொண்டு போகும் நாளில் உங்களுக்கு ஓடக் கால் வேண்டும். மாதாவை நம்பிப் போங்கள், வேண்டுமானால் சண்டையும் போடுங்கள், அவள் தாங்குவாள். ஆனால் இப்போது எழுந்துபோய்ச் சோற்றைப் போட்டுச் சாப்பிடுங்கள்.