சாமித்தட்டில் வாள்காரி

பிராங்பேர்ட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மகளைப் பார்க்க வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை அது. நாங்கள் அப்போது ஜேர்மனியின் ஹம் நகரில், இரண்டாம் மாடி வீடொன்றில் இருந்தோம். கணவர் இறந்த பிறகு எங்கள் வீட்டுக் காரியங்களை என் அண்ணைதான் முடிவெடுப்பார். இந்தச் சம்பந்தத்தையும் அவர்தான் கொண்டுவந்தார். போனில் சரியென்றும் சொல்லிவிட்டார். நாள் குறிப்பதுதான் மிச்சம்.

காலையில் நான் வருகிறவர்களுக்குப் பற்றிஸ் பலகாரம் பொரித்துக்கொண்டு நிற்க மகள் வந்தாள்.

"அம்மா, எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம். மாமாவுக்கு நீங்கள் சொல்லுங்கோ."

"நானோ? அண்ணையிட்டையோ?"

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அண்ணை இருக்கிற அறைக்குள் தேத்தண்ணி கொண்டுபோவேனே தவிர, கதைத்ததில்லை. மகள் திரும்பிப் போய்விட்டாள்.

ஹோலைக் கூட்டும்போது சோபாவுக்குக் கீழே ஒரு படம் கிடந்தது. கையில் வாள், விரித்த தலைமுடி, காலடியில் ஒரு அசுரன், சுற்றிவர நெருப்பு. பதறிப்போனேன். அம்மனை யார் இப்படி நிலத்தில் போட்டது? ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவில் யாரும் கொடுத்ததாக்கும் என்று நினைத்து, கண்ணில் ஒற்றி, மேலே இருந்த எழுத்துகளைப் பின்னால் மடித்து, சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்தேன். பொட்டும் வைத்தேன். உடுப்புத்தான் கொஞ்சம் குறைவாகப் பட்டது. வெள்ளைக்காரர் அச்சடித்தால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

வந்தவர்கள் நல்ல மனிதர்கள். மாப்பிள்ளையின் தாய் நேரே சாமித்தட்டுக்குப் போய்க் கும்பிட்டார்.

"இது எந்த இடத்து அம்மன் அக்கா? முகத்தில என்ன ஒரு கோபம்!"

நான் வாய் திறக்க முதல் மாப்பிள்ளைப் பொடியன் எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"அம்மா, இது சாமியில்லை. அந்தக் காலத்தில அமெரிக்காவில மலிவுத் தாளில வந்த மந்திரக் கதைப் புத்தகத்தின்ர அட்டை. நீங்கள் ஒரு வாள்சண்டைக்காரியைக் கும்பிட்டிருக்கிறியள்!"

கும்பிட்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல் அந்தத் தாய் சேலையில் துடைத்தார். அண்ணையின் முகம் கறுத்தது.

"ஆர் இந்தக் குப்பையை இங்க வைச்சது?"

"புத்தகம் என்ர, மாமா," என்றாள் மகள். "பழைய சாமான் சந்தையில வாங்கினது. அட்டை கழண்டிட்டுது."

"அப்பிடி என்ன கதை பிள்ளை?" பேச்சை மாற்றத்தான் மாப்பிள்ளையின் தாய் கேட்டிருப்பார்.

"இவள் ஒரு கோட்டைக்குத் தலைவி. ஒரு மந்திரவாதி அவளின்ர சனத்தை எல்லாம் கல்லாக்கிப்போட்டு, 'என்னைக் கட்டு, திரும்ப மனுசராக்கிறன்' எண்டுறான். கல்லாய் நிண்டபடியே சனமெல்லாம், 'ஓம் எண்டு சொல்லு, ஓம் எண்டு சொல்லு' எண்டு கெஞ்சுது."

"சொல்லிப்போட்டாளோ?"

"இல்லை. தலையை வெட்டினவள்."

"ஐயோ! ஆரின்ர தலையை?"

"மந்திரவாதியின்ர தலையை, அம்மா. என்ர இல்லை," என்றான் பொடியன். ஒருவரும் சிரிக்கவில்லை.

மகள் இவ்வளவு சத்தமாகக் கதைத்து நான் கேட்டதில்லை. அவள் வந்தவர்களைப் பார்த்துச் சொல்லவில்லை. கதை முழுவதையும் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"சரி, சரி, கதையை விடுவம்," என்றார் அண்ணை. "ஆவணியில நாள் வைப்பமே?"

"வேண்டாம் அண்ணை."

என் குரல்தான். எனக்கே நம்ப முடியவில்லை. பேசினது யாரென்று அண்ணை அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே யார் இருக்கிறார்கள்? நான் அவருக்கு முன்னால்தான் நின்றேன்.

"பிள்ளைக்கு விருப்பமில்லை. காலமை எனக்குச் சொன்னவள். குறை நினையாதேங்கோ," என்று மாப்பிள்ளையின் தாயைப் பார்த்துச் சொல்லி முடித்தேன். அந்தத் தாய் மகனைப் பார்த்தார்.

"இப்பவே சொன்னது நல்லது அன்ரி," என்றான் அவன். காது மட்டும் சிவந்திருந்தது.

அவர்கள் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, மரியாதையாக விடைபெற்றார்கள். அண்ணையும் ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் படியிறங்கினார். எந்த வீட்டை விட்டுப் புறப்பட்டாலும் "போயிட்டு வாறன்" என்று சொல்லுகிற மனிதர். அன்றைக்குச் சொல்லவில்லை.