கோடியில் தைத்த பாவாடை

சுந்தரிக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். தன் மகள் பூர்ணிமா, தன் அண்ணன் பாண்டியன் வீட்டுக்கு மருமகளாகப் போக வேண்டும்.

பள்ளிகொண்டாவில் பிறந்து, எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, ஆம்பூரில் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்த சாமிநாதனுக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். சாமிநாதன் நல்லவன். நல்லவனுக்கு நுரையீரல் மட்டும் நல்லதாக அமையவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் இருமிக்கொண்டே போய்ச் சேர்ந்தான். அன்றைக்கு அவன் கால்மாட்டில் நின்றுகொண்டு பாண்டியன் ஊரறியச் சொன்னான்: "அழாதம்மா. பூர்ணிமா இனிமே எம் மருமவ." தாலியை இழந்தவள் அந்த வார்த்தையைக் கழுத்தில் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு சுந்தரி உயிரோடு இருந்தது அதன் பலத்தில்தான்.

அவளுக்கு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற வேலை. தோலில் ஒரு தரம் ஊசி இறங்கினால் இறங்கியதுதான். தப்பான தையலைப் பிரித்துவிடலாம், ஓட்டை போகாது. அந்தத் துண்டைத் தூக்கி எறிய வேண்டியதுதான். சூப்பர்வைசர் திட்டும்போதெல்லாம் சுந்தரி தலையைக் குனிந்துகொள்வாள். அவளுக்குத் திட்டு வாங்கத் தெரியும், திருப்பிப் பேசத் தெரியாது. அவள் வாழ்க்கையை இந்த ஒரு வரியில் எழுதி முடித்துவிடலாம்.

தீபாவளி நெருங்கியபோது பாண்டியன் போன் செய்தான். மகன் சூரியபிரகாஷுக்கு ஓசூரில் நல்ல வேலை அமைந்துவிட்டதாம். அண்ணி சங்கீதா வெளியில் பெண் பார்க்கலாம் என்று ஆரம்பித்திருக்கிறாளாம். தீபாவளிக்கு அவள் பிறந்த வீட்டு ஜனமெல்லாம் வருகிறார்கள். அவர்கள் முன்னால் பூர்ணிமாவை ஒரு தரம் நல்லபடியாகக் காட்டிவிட்டால், மேற்கொண்டு பேச்சைத் தானே எடுப்பதாகச் சொன்னான்.

"சல்வார்ல கூட்டினு வராத. பட்டுல வரட்டும். சங்கீதா கண்ணுக்கு நெறையணும், அவ்ளோதான்."

கம்பெனியில் ஆர்டர் இல்லை என்று போனஸைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். துணிக்கடைப் படி ஏற வழியில்லை. சுந்தரி வீட்டில் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து, இருக்கிற துணியையெல்லாம் தரையில் பரப்பினாள். கிழிந்துபோன கல்யாணப் பட்டின் முந்தானையில் ஒரு ஜாக்கெட் தேறும். பூர்ணிமாவின் பழைய சுடிதார் துப்பட்டா மஞ்சள் நிறம், அதைத் தாவணியாக்கலாம். அதன் ஓரத்துக்கு வேறொரு சேலையின் ஜரிகையை வெட்டித் தைக்கலாம். ஆனால் பாவாடைக்குத் துணி இல்லை.

பெட்டியின் அடியில் ஒரு பட்டு இருந்தது. அரக்கு உடம்பு, மாம்பழக் கரை. இதுவரை மடிப்புக் கலைக்காத பட்டு.

அது கோடி. சாமிநாதனின் பதினாறாம் நாள் காரியத்தில் பிறந்த வீட்டுக் கோடியாகப் பாண்டியன் மடிப்போடு அவள் தோளில் போர்த்திய புடவை. மற்றவர்கள் போட்ட கோடிகளை அவள் வேலைக்குக் கட்டியே கிழித்தாகிவிட்டது. இதை மட்டும் தொட மனம் வரவில்லை. அன்றைக்கு அண்ணன் தனியாகத்தான் வந்தான். அண்ணியின் தங்கைக்குக் கல்யாணம், பந்தக்கால் நட்டிருந்தார்கள், அதனால் சாவு வீட்டுக்கு அவள் வரக்கூடாது. புருஷன் செத்தவளுக்கு அரக்குக் கலரா என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். எந் தங்கச்சி கலர்லதான் கட்டணும் என்று பாண்டியன் குரலை உயர்த்தினான். அந்தத் துக்கத்திலும் சுந்தரிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பூர்ணிமா அப்போது உள்ளறையில் முகத்தை மூடிப் படுத்துக் கிடந்தாள். எந்தக் கோடி யார் போட்டது என்று அவளுக்குத் தெரியாது.

சாவுக் கோடியை வாழப்போகிற பெண்ணுக்குத் தைப்பதா? சுந்தரி பெட்டியை மூடினாள். மறுபடி திறந்தாள். கடைசியில், பார்க்கத்தானே என்று மடிப்பைப் பிரித்துத் தரையில் விரித்தாள்.

விரித்ததும் அவள் கண்ணில் அது பட்டது. கீழ்க்கரை ஓரமாக வரிசையாக ஊசி ஓட்டைகள். ஃபால்ஸ் தைத்துப் பிரித்த தடம். கரைக்கு மேலே ஒரு இடத்தில், வேறெங்கும் இல்லாதபடி, மஞ்சள் நூலில் கையால் போட்ட ஒரே ஒரு பூ. தடவிப் பார்த்தாள். பூவுக்கு அடியில் துணி பொசுங்கியிருந்தது.

யாரோ கட்டிய புடவை இது. கடைக்காரன் ஏமாற்றியிருக்கிறான், பாவம் அண்ணனுக்குப் புடவை பார்க்கத் தெரியுமா என்றுதான் நினைத்தாள். அடுத்த நிமிஷம் அவள் முகம் மலர்ந்தது. கோடி என்றாலே புதுத்துணி. புதுசாக இல்லாதது எப்படிக் கோடியாகும்? இது வெறும் பழம்புடவை. பழம்புடவைக்கு ஏது தோஷம்? சாமியே பார்த்து இத்தனை நாள் காட்டாமல் வைத்திருந்து இன்றைக்குக் காட்டியிருக்கிறது என்று கத்தரிக்கோலை எடுத்தாள்.

பக்கத்து வீட்டு பில்கிஸ் அக்கா, கம்பெனியிலும் அடுத்த மிஷின்காரி, தன் வீட்டுத் தையல் மிஷினைக் கொடுத்தாள். கூடவே உட்கார்ந்து கொசுவம் பிடித்தும் கொடுத்தாள்.

"எங் கல்யாண ஷராராவ மூணு ஈதுக்கு வெட்டியாச்சு சுந்தரி. இப்ப நாடா மட்டுந்தான் மீதி. அடுத்த ஈதுக்கு அதையும் எம் பொண்ணு தலையில ரிப்பனா கட்டிடுவேன்." சிரித்துவிட்டுத் துணியைத் தடவினாள். "ஆமா, இவ்ளோ ஒசத்திப் பட்ட ஏன் கட்டாமலே வெச்சிருந்த?"

"நாள் வரட்டும்னு இருந்தேன்க்கா."

அந்த ஒற்றைப் பூதான் உறுத்திக்கொண்டிருந்தது. சுந்தரி அதை மறைக்கவில்லை. அதைப் போலவே மஞ்சள் நூலில் சுற்றிலும் பூக்கள் போட்டு, ஒரு கொடியாக்கி, பாவாடையின் முன்பக்கம் வருகிற மாதிரி தைத்தாள். பூர்ணிமா போட்டுப் பார்த்துச் சுழன்றாள். கடையில் எடுத்தது என்றே எல்லோரும் சொல்வார்கள் என்றாள். உன் கைக்கு முத்தம் கொடுக்கணும் என்று சொல்லி, சொன்னபடி கொடுக்கவும் செய்தாள். தீபாவளியன்று விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, புதுத்துணிக்கு வைக்கிற மாதிரியே பாவாடையின் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்தாள் சுந்தரி. மஞ்சள் வைத்துவிட்டால் புதுசுதான்.

பள்ளிகொண்டா வீட்டில் கூடம் நிறைய ஜனம். அண்ணியின் தங்கை, தம்பி, அவர்கள் பிள்ளைகள். பூர்ணிமா உள்ளே நுழைந்ததும் சூரியபிரகாஷ் கையிலிருந்த போனை இறக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையைச் சுந்தரி பார்த்தாள். மூன்று வருஷம் காத்திருந்தது வீண் போகவில்லை என்று அவள் மனசு சொல்லிற்று. பாண்டியன் மனைவியைப் பார்த்து, எப்படி என்பது போலத் தலையை ஆட்டினான். சங்கீதாகூடச் சிரித்தாள். மகாலட்சுமியாட்டம் இருக்காளே என்று தன் தங்கையிடம் சொன்னாள்.

"அத்த கால்ல விழுந்து கும்பிட்டுக்கோ," என்றாள் சுந்தரி.

பூர்ணிமா விழுந்தாள். பாவாடை சங்கீதாவின் காலடியில் வட்டமாக விரிந்தது. குங்குமம் எடுத்த கை அப்படியே நின்றது.

"அசையாத," என்றாள் சங்கீதா. குனிந்து, பூங்கொடியில் ஒரே ஒரு பூவை விரலால் தொட்டாள். மற்ற பூக்களையெல்லாம் விட்டுவிட்டு, அதை மட்டும். பாவாடையைத் திருப்பி உள்பக்கம் பார்த்தாள்.

"இந்தப் பூ நான் போட்டது."

சங்கீதா கூடத்துக்குச் சொல்வது போலச் சொன்னாள். அது அவளுடைய வளைகாப்புப் புடவை. சூரியபிரகாஷ் வயிற்றில் இருக்கும்போது கட்டியது. ஆரத்தித் தட்டிலிருந்து கற்பூரம் தெறித்துப் பொசுங்கின இடத்துக்குத்தான் அந்தப் பூ. மறுபடி கட்டாமல், பிள்ளை நினைவாகப் பீரோவின் அடியில் வைத்திருந்தாள். தங்கை கல்யாணம் முடிந்து வந்து பார்த்தால் இல்லை.

"இதுக்காக வேலக்கி வந்தவள திருடின்னு சொல்லி அனுப்பிச்சேன். இந்த வாசல்ல மண்ண வாரி எறிஞ்சிட்டுப் போனா அவ." சுந்தரி பக்கம் திரும்பினாள். "இது எப்டி ஒங்கிட்ட வந்துச்சு?"

சுந்தரி அண்ணனைப் பார்த்தாள்.

பாண்டியன் தன் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிப்போயிற்று. கடைக்காரன் யாரையும் ஏமாற்றவில்லை. தங்கைக்குக் கோடி எடுக்கக் கடை வரை போகச் சோம்பல்பட்டு, பெண்டாட்டி ஊரில் இல்லாத நேரத்தில் பீரோவின் அடியில் கைவிட்டு எடுத்து வந்திருக்கிறான். தன் பிள்ளை பிறக்கக் கட்டிய மங்கலப் பட்டை, தங்கை விதவையானதற்குப் போர்த்தியிருக்கிறான். அவள் அதைப் பெட்டியில் வைத்துச் சாமியாகக் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் காத்திருந்தாள். கூடம் முழுவதும் காத்திருந்தது.

பாண்டியன் வாயைத் திறந்தான்.

"எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லிடு சுந்தரி. அண்ணி ஒண்ணும் சொல்ல மாட்டா."

சுந்தரியின் காதில் அதற்கு மேல் ஒன்றும் விழவில்லை. உண்மை அவள் நாக்கின் நுனியில் நின்றது. ஆனால் அந்த உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? விளக்கேற்றிய வீட்டுக்குள் அப்பன் செத்ததற்குப் போட்ட கோடியைக் கட்டிக்கொண்டு வந்தவள் என்று பூர்ணிமாவை இந்த ஜனம் சாகிற வரைக்கும் சொல்லும். அப்புறம் எந்த வீட்டில் விளக்கேற்ற விடுவார்கள் அவளை? இது கோடியே இல்லை, ஃபால்ஸ் பிரித்த ஓட்டையைப் பாருங்கள் என்று இவர்களிடம் வாதாடவா முடியும்? திருட்டுக்கு என்றைக்காவது மன்னிப்பு உண்டு. கோடிக்குக் கிடையாது. பெற்றவள் கெட்ட பெயர் வாங்கினால் பெண் பிழைத்துக்கொள்வாள் என்று அந்தப் பேதை கணக்குப் போட்டாள்.

"ஆமா அண்ணி," என்றாள். "நாந்தான் எடுத்தேன்."

பூர்ணிமா தரையிலிருந்து நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

முதலில் வாயைத் திறந்தது சூரியபிரகாஷ். "ஹாஃப் சாரின்னு நெனச்சேன். ஃபுல்லாவே எங்கம்மா சாரியா?" என்றான். சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு பெரியவர்களும் சிரித்தார்கள். அவன் மறுபடி போனைக் கையில் எடுத்துக்கொண்டான்.

சங்கீதா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. உள்ளே போய், தான் சமையல்கட்டில் போட்டுக்கொள்கிற வெளுத்த நைட்டி ஒன்றைக் கொண்டுவந்து பூர்ணிமாவின் மடியில் போட்டாள். கழட்டிக் குடுத்துட்டு இதப் போட்டுக்கோ என்றாள். ஜாக்கெட்டும் தாவணியும் யார் வீட்டிலிருந்து எடுத்தது என்று அவள் தங்கை கேட்டாள். கல்யாணப் பேச்சைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச என்ன மிச்சம் இருந்தது? திருடி வீட்டுப் பெண் என்று முடிவாகிவிட்டது.

பூர்ணிமா நைட்டியோடு, அதன்மேல் அந்த மஞ்சள் தாவணியைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். சங்கீதா பாவாடையை வாங்கிக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"வெட்டிட்டா பாவி. போகட்டும். பாவாடையாவே இருக்கட்டும். எம் பிள்ளைக்கு வர்றவ மொத மொதல்ல இந்த வீட்டுக்குள்ள வரும்போது இதத்தான் கட்டினு வருவா."

அதைக் கொண்டுபோய்ச் சாமி மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். ஓரத்தில் சுந்தரி தொட்டு வைத்த மஞ்சள் அப்படியே இருந்தது.

பலகாரப் பையோடு வாசல் வரை வந்தான் பாண்டியன். மெதுவாக எல்லாவற்றையும் சரி பண்ணிவிடுவதாகத் தரையைப் பார்த்துச் சொன்னான். சுந்தரி பையை வாங்கவில்லை.

"அது அவரு பதினாறாம் நாள் கோடிண்ணா. வர்ற பொண்ணுக்குக் கட்ட உட்டுடாத."

பாண்டியன் உள்ளே திரும்பி ஒரு தரம் பார்த்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தினான்.

"உள்ள வாயத் தொறக்கலல்ல. அப்டியே இரு."

ஆம்பூர் பஸ்ஸில் பூர்ணிமா அம்மாவின் பக்கத்தில் உட்காரவில்லை. இரண்டு சீட் தள்ளி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். பஸ் முழுக்கப் புதுத்துணி. இவள் ஒருத்திதான் நைட்டி. குடியாத்தம் ரோடு பிரிகிற இடம் தாண்டியதும் எழுந்து வந்து அம்மாவின் எதிரில் நின்று கேட்டாள்.

"அப்பா செத்த வருஷம்தானே அத்தையோட தங்கச்சி கல்யாணம்?"

சுந்தரி தலையசைத்தாள்.

"அந்தத் துக்கத்துலயும் ஒனக்குப் புடவ எடுக்கத் தோணிச்சாம்மா?"

இப்போது சொல்லலாம். பெற்ற மகள். கேட்க வேறு யாரும் இல்லை. ஆனால் சொன்னால், அப்பனின் சாவுத் துணியைக் கட்டிக்கொண்டுதான் சுழன்றோம் என்று அவளுக்குத் தெரிந்துபோகும். அந்த உடம்பை அவள் எத்தனை தரம் தேய்த்துக் குளித்தாலும் அது போகாது. சுந்தரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"தோணிச்சு," என்றாள்.

பூர்ணிமா திரும்பிப் போய் அதே சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். ஆம்பூரில் இறங்கி, தெருவில் மத்தாப்புக் கொளுத்திக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு நடுவே முன்னால் நடந்து போய், வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டாள்.

சுந்தரி சாத்திய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து வாசலிலிருந்து பில்கிஸ் அக்கா எட்டிப் பார்த்தாள். அவள் முகமெல்லாம் ஆவல்.

"இன்னா சுந்தரி, அதுக்குள்ள வந்துட்டீங்க? நம்ம பாவாட எப்டி? பாத்தாங்களா?"

"பாத்தாங்கக்கா," என்றாள் சுந்தரி. "எல்லாரும் அதத்தான் பாத்தாங்க."