அப்பாவின் பெயர், ஐம்பது தடவை

தாராவி மாதா கோயில் பங்குச்சாமி போட்ட ஒரு விதியை, முப்பத்து நான்கு ஆண்டு அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்த பிறகும் என்னால் எந்தப் புத்தகத்திலும் கண்டுபிடிக்க முடியவில்லை. கோயில் கூடத்தில் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க அம்மா அனுமதி கேட்டாள். புருஷன் தன் முன்னால் சம்மதக் கையெழுத்துப் போடட்டும், கைநாட்டு செல்லாது என்றார் சாமி. இரண்டு சாட்சி இருந்தால் கைநாட்டு செல்லும் என்பது எனக்கு இப்போது தெரியும். அப்போது எனக்கு ஏழு வயது.

குர்லா பட்டறையில் வேலை முடிந்து திரும்பிய அப்பா, சாமி கொடுத்தனுப்பிய சம்மதத் தாளைத் தொடவே இல்லை. "வேண்டாம்ளா. நீ சொல்லிக் குடுத்துத்தான் ஊரு படிக்கணுமாக்கும்?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பெண்டாட்டி வெளியே போவது பிடிக்காத புருஷன் என்று நானும் முடிவெழுதிக் கோப்பை மூடிவிட்டேன்.

அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துச் சிஸ்டரிடம் போனாள். சிஸ்டர் ஒரு கதை சொன்னார். அவர்கள் சபையைத் தொடங்கிய தாயார், நூறு வருடத்துக்கு முன்னால் பிரான்ஸில், ஏழைப் பெண்களுக்குப் பள்ளி வைக்க ஆயரிடம் கேட்டாராம். பெண்ணுக்கு எழுத்து எதற்கு, ஊசி போதும் என்றாராம் ஆயர். தாயார் பணிவாகத் தலையாட்டிவிட்டுத் தையல் வகுப்புத் தொடங்கினாராம். கூடையில் மேலே துணி, அடியில் பாடப்புத்தகம். அம்மா வெகுநேரம் சிரித்தாள்.

மறுநாளிலிருந்து எனக்குத் தண்டனை. என் எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கிறதாம். தினமும் சாயங்காலம் சிலேட்டில் அப்பாவின் பெயரை ஐம்பது தடவை, ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும்.

"எதுக்கும்மா அப்பா பேரு?"

"பின்ன, மந்திரி பேரையா எழுதப்போற? எழுதுட்டி."

அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்தாள். "எனக்கு அடுப்பு வேலை கிடக்கு. இவ ஏமாத்தாம எழுதுதாளான்னு நீங்க பாத்துக்கிடுங்க."

அப்பா கண்டிப்பான மேற்பார்வையாளர். "அந்தச் சுழிய இன்னொருக்கா போடு" என்பார். "மெதுவா எழுதுட்டி, ரயிலா புடிக்கப்போற?" அவருடைய ஆட்காட்டி விரல் தொடைமேல் ஓடிக்கொண்டே இருக்கும். கொசுக்கடி என்று நினைத்தேன்.

மூன்றாவது ஞாயிறு, பூசை முடிந்ததும் அப்பா சாமியின் மேஜைக்குப் போனார். பேனாவை வாங்கி, வியர்க்க வியர்க்கத் தன் பெயரைப் போட்டார். கடைசி இரண்டு எழுத்து கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது. அம்மா தாளைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குக் கோபம். "அப்பா எழுத்து என் எழுத்தவிடக் கோணலா இருக்கு. அவருக்கு மட்டும் தண்டனை கிடையாதா?" என்று கேட்டேன்.

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். இவ்வளவு பெரிய பெண்ணை, அத்தனை பேர் பார்க்க, எதற்குத் தூக்குகிறார் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.