கௌரி பொறுப்பேற்ற பிழை

கௌரி இறந்த செய்தி வந்தபோது நான் மருதனார்மடச் சந்தையில் நின்றேன். எங்களோடு முன்பு வேலைசெய்த ரவி அண்ணைதான் அழைத்தார். "கௌரி மோசம் போட்டா. ரெண்டு வருசமாச் சிறுநீரகம் ஏலாதாம். எங்களிலை ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றார்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகத்தில் ஒன்றாக வேலைசெய்த உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அவர் வேலை போன காரணம் உங்களில் எவருக்கும் சரியாகத் தெரியாது.

வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்காகப் பழைய கணினிமொழி ஒன்றின் பயிற்சிப் பக்கங்களை இணையத்தில் அமைத்துக்கொண்டிருந்தோம். அம்பு, முக்கோணம், வட்டத்துக்குள் கோடு என்று விசித்திரமான குறிகளால் எழுதப்படும் மொழி அது. சாதாரண எழுத்துருக்களில் அந்தக் குறிகள் பல இல்லை; உலாவி அவற்றின் இடத்தில் வெறும் கட்டங்களைக் காட்டும். எல்லாக் குறிகளும் உள்ள ஓர் எழுத்துருவைக் கௌரி தேடியெடுத்து, பக்கத்தோடு சேர்ந்தே இறங்கும்படி செய்தார். பிறகு எங்கள் எல்லோருடைய கைப்பேசிகளையும் வாங்கி, ஒவ்வொரு குறியாகப் பார்த்தார். நான் சிரித்தபோது, "எங்கடை திரையிலை தெரிஞ்சு என்ன? அங்கை இருக்கிற ஆளுக்குத் தெரியோணும்" என்றார்.

பக்கம் திறக்கச் சுணங்குகிறது என்று, ஒப்படைப்பதற்கு முதல்நாள் அந்த எழுத்துருவை நீக்கியது நான். என் கணினியில் அது ஏற்கெனவே இருந்ததால் எனக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது. அந்த வெளிநாட்டு நிறுவனத்தின் வகுப்பில் திரை முழுவதும் கட்டங்கள். ஒப்பந்தம் போயிற்று. பக்கம் கௌரியின் பொறுப்பு என்பதால் முதலாளி எல்லோருக்கும் முன்னால் அவரை ஏசினார். நான் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் அவர் என் மேசைக்கு வந்தார்.

"எழுத்துருவை எடுத்தது நீங்களோ?"

"ஓம்."

"உங்கடை கணினியிலை மட்டும்தான் பாத்தனீங்களோ?"

"ஓம்."

முதலாளியிடம் அவர் என் பெயரைச் சொல்லவில்லை. அந்த மாதமே அவரை நிறுத்தினார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

சாவகச்சேரியில், செத்தவீட்டில், அவருடைய தம்பி எனக்குத் தேத்தண்ணி தந்தார். "அதுக்குப் பிறகு அக்கா ஒரு இடத்திலையும் வேலை கேக்கேல்லை. தன்ரை கவலையீனத்தாலை வந்த பிழை எண்டுதான் சொன்னவ" என்றார்.

"அவவின்ரை பிழை இல்லை. செய்தது நான்."

அவர் என்னையே பார்த்தார். "அக்காவுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"பிறகேன் எங்களிட்டையும் அப்பிடிச் சொன்னவ?"

பிரேதத்தை எடுக்கும்வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை.

நண்பர்களே, கௌரி செய்த பக்கம் சரியாகவே இருந்தது. அவர் எனக்காகச் சுமந்த பழியை இன்றுதான் வாங்கிக்கொள்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான்.