பனி ஏரியில் செத்தவனை யார் கொன்றது?

வெள்ளம் வந்தபோது நான் பாதிப் புத்தகத்தில் இருந்தேன்.

கோத்தா திங்கியில் ஆற்றோரம் குடியிருப்பவர்களுக்கு ஆண்டுக் கடைசியில் ஒரு கண் எப்போதும் ஆற்றின் மேல்தான். அந்த ஆண்டு மழை விட்டபாடில்லை. வாசல்படியில் தண்ணீர் ஏறியதும் அடையாளக் கார்டு, வீட்டுப் பத்திரம், மாற்றுத்துணி என்று கைக்குக் கிடைத்ததைப் பையில் திணித்தேன். மகள் பினாங்கில் படித்துக்கொண்டிருந்தாள். கணவர் மூவாரில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலைக்கு லோரி ஓட்டுகிறார். சாலையை மூடிவிட்டதால் அங்கேயே மாட்டிக்கொண்டார். வீட்டில் நான் ஒருத்திதான். மீட்புப் படகு வந்து நின்றபோது மறுபடி உள்ளே ஓடி, கட்டில் மேல் கிடந்த அந்தத் தடிப் புத்தகத்தையும் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டேன். படகுக்காரர் முறைத்தார். முறைக்கட்டும். கொலைகாரன் யாரென்று தெரியாமல் அதை எப்படி விட்டுவிட்டுப் போவது?

இந்தப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்க வைத்ததே என் கணவர்தான். மூவாரில் ஒரு வீட்டுக்குப் புது அலமாரி இறக்கப் போனவர், அந்த வீட்டுக்காரர் குப்பைக்கு ஒதுக்கி வைத்திருந்த ஆங்கிலப் புத்தகங்களைக் கேட்டு வாங்கி வந்தார். "அட்டையெல்லாம் பனியா இருக்கு, படிச்சா குளுகுளுன்னு இருக்கும்லா" என்றார். எல்லாம் சுவீடன், நார்வே, டென்மார்க் பக்கத்துக் கொலைக்கதைகள். கிளினிக் கவுன்டரில் வேலை செய்யும் எனக்கு ஊர்ப்பெயர்கள் வாயில் நுழையவில்லை. ஆனால் முதல் புத்தகத்தை முடித்தபோது அடுப்பில் குழம்பு கருகிப் போயிருந்தது. அதிகம் பேசாத போலீஸ்காரர்கள், நாள் முழுக்க இருட்டு, ஓயாமல் காப்பி. அந்த ஊர்களில் எல்லாரும் ஒழுங்காக வரிசையில் நிற்கிறார்கள், ஒழுங்காக வரி கட்டுகிறார்கள், பிறகு யாராவது ஒருவர் யாரையாவது கொன்றுவிடுகிறார்கள். அதைப் படிக்கையில் வருகிற படபடப்பு எனக்கு வேறெதிலும் வந்ததில்லை.

எங்களை ஒரு பள்ளி மண்டபத்தில் தங்க வைத்தார்கள். என் பாய்க்குப் பக்கத்துப் பாய், பள்ளிக் கேன்டீனில் சமைக்கும் ஓர் அக்காவுக்கு. சுவரில் சாய்ந்து படிக்க ஆரம்பித்த என்னை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னம்மா, வீடு முழுகிக் கிடக்கு, நீ பரீட்சைக்குப் படிக்கிற?"

"பரீட்சை இல்லக்கா. கொலைக்கதை."

"கொலையா?" அக்கா பாயை இழுத்துக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தார். "யாரு செத்தா?"

சொன்னேன். வடக்கே ஒரு சின்ன ஊர். குளிரில் ஏரி முழுக்க உறைந்து கிடக்கிறது. அந்த ஊர் மர ஆலை முதலாளி ஏரி நடுவில், பனியில் துளை போட்டு, முக்காலியில் உட்கார்ந்து தூண்டில் பிடித்துக்கொண்டிருக்கிறார். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்க்கிறார்கள், கையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள். சாயங்காலம்தான் தெரிகிறது, ஆள் காலையிலேயே செத்துவிட்டார். உட்கார்ந்தபடியே விறைத்துப் போயிருக்கிறார்.

"அலமாக்!" என்று வாயைப் பிளந்தார் அக்கா. "ஏரி மேலயா உட்கார்ந்திருந்தான்? முழுக மாட்டானா?"

"மீன் கடையில ஐஸ் கட்டி பார்த்திருக்கீங்கல்ல? ஏரியே அப்படி ஆயிடும்க்கா. மேல காரே ஓட்டுவாங்க."

அக்கா ஜன்னல் வழியே பழுப்புத் தண்ணீரைப் பார்த்தார். "நம்ம ஆறும் அப்படி ஆயிருந்தா, நடந்தே வீட்டுக்குப் போயிருக்கலாம்லா."

எதிர்ப் பாயில் இருந்த பெண் வாய்விட்டுச் சிரித்தாள். தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவள். அவளும் எழுந்து வந்தாள். அன்று மதியச் சாப்பாட்டுக்குள் என் பாயைச் சுற்றிப் பெரிய கூட்டம்.

பெயர்கள் யார் மனதிலும் நிற்கவில்லை. அதனால் நாங்களே பெயர் வைத்தோம். செத்தவர் 'மொதலாளி'. அவர் தம்பி 'கடன்காரன்'. நகை போட்டுக்கொண்டு அழுகிற மனைவி 'பவுடர்'. முதலாளிக்குத் தினமும் ரொட்டி சுட்டுக் கொடுத்து, அவர் அசையாமல் இருப்பதைப் பார்த்துப் போலீசுக்குப் போன் போட்ட பக்கத்து வீட்டு விதவை 'ரொட்டியம்மா'. துப்புத் துலக்க வந்த பெண் இன்ஸ்பெக்டர் வெறும் 'மேடம்'.

தொழிற்சாலைப் பெண் முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "பவுடர்தான். புருஷன் செத்த வீட்டுல யாரு லிப்ஸ்டிக் போடுவா?"

"போடி, தம்பிதான்," என்றார் அக்கா. பக்கத்தில் இருந்த மலாய் அக்காவுக்கு அவரே மலாயில் மொழிபெயர்த்தும் சொன்னார். அந்த அம்மாள் கதையை முழுதாகக் கேட்டுவிட்டு, சந்தேகமே இல்லாத குரலில், "மேடம்தான்" என்றார். சிரிப்பில் மண்டபமே அதிர்ந்தது.

நான் படிப்பேன், ஒரு பகுதி முடிந்ததும் சொல்வேன். வீட்டில் புத்தகத்தோடு உட்கார்ந்தால், வேலை இல்லையா என்று யாராவது கேட்பார்கள். இங்கே எனக்குச் சாப்பாட்டு வரிசையில் நிற்கிற வேலைகூட இல்லை. பொட்டலம் கைக்கு வந்தது. என் துணியைத் தொழிற்சாலைப் பெண் அலசிப் போட்டாள். "நீங்க படிங்க, நீங்க படிங்க" என்று விரட்டினார்கள். குழந்தை அழுதால் நாலு பேர் தாயைப் பார்த்து 'உஷ்' என்றார்கள்.

கணவர் போன் செய்தார். தண்ணீர் எவ்வளவு, சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "அங்க என்ன அவ்ளோ சத்தம்?" என்றார்.

"தம்பியைப் போலீஸ் விட்டுருச்சு. அதான் சண்டை."

"எந்தத் தம்பி?" என்று பயந்தே போனார்.

மழை விட்டு வெயில் அடித்தது. ஒரு காலையில் தன்னார்வலர் ஒருவர் ஒலிபெருக்கியோடு வந்தார். ஆற்றோரத்தில் தண்ணீர் வடிந்துவிட்டது, லோரி வருகிறது, மூட்டை கட்டுங்கள் என்றார். மண்டபத்தில் சந்தோஷக் கூச்சல். அடுத்த நிமிடமே அக்கா என் கையைப் பிடித்தார். "இன்னும் எவ்ளோ பக்கம் இருக்கு?"

விரலால் கனத்தைக் காட்டினேன்.

"கடைசிப் பக்கத்தைப் பார்த்துச் சொல்லிரு."

"மாட்டேன்க்கா. அது பாவம்."

"அப்ப வேகமா படி!"

படித்தேன். வாழ்க்கையில் அப்படிப் படித்ததில்லை. என் பாயை யாரோ சுருட்டினார்கள், பையை யாரோ கட்டினார்கள். மேடம் தனியாக ஏரிக்கரை வீட்டுக்குப் போகிறாள், அடுப்பில் மாவு வேகும் வாசனை வருகிறது. "ஐயோ!" என்று கத்திவிட்டேன். வெளியே லோரி ஹார்ன் அடித்தது. ஒருவரும் அசையவில்லை.

"ரொட்டியம்மா," என்றேன்.

எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நல்ல மனுஷியாச்சே, அவளா, பொய், திரும்பப் படி! நான் கையை உயர்த்தி மீதியைச் சொன்னேன். அவளுடைய ஒரே மகள் அந்த மர ஆலையில் வேலை பார்த்தவள். பழுதான இயந்திரம் அவளைக் கொன்றது. முதலாளி, பெண் கவனமில்லாமல் இருந்தாள் என்று எழுதிக் கேசை மூடினார். ரொட்டியம்மா ஒன்றும் சொல்லவில்லை. வருஷக்கணக்காக ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். ஒருநாள் அதில் விஷத்தைக் கலந்தாள்.

தொழிற்சாலைப் பெண் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க லைன்லயும் ஒரு மிஷின் இருக்கு," என்றாள். அக்கா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

தன்னார்வலர் உள்ளே வந்து, லோரி வந்து எவ்வளவு நேரமாகிறது, ஏன் யாரும் ஏறவில்லை என்று மலாயில் கோபமாகக் கேட்டார். மலாய் அக்கா அவரை உட்காரச் சொல்லி, பனி ஏரியிலிருந்து ஆரம்பித்தார். அவர் உட்காரவில்லை. ஆனால் ஒலிபெருக்கி கீழே இறங்கிவிட்டது. கொஞ்சம் பொறுத்து, "சியாப்பா பூனோ?" யார் கொன்றது என்று அவரே கேட்டார்.

லோரியில் நின்றுகொண்டே போனோம். சேறு பூசிய கடைகளையும் சாய்ந்து கிடந்த வேலிகளையும் யாரும் பார்த்ததாக நினைவில்லை. மேடம் ரொட்டியம்மாவைப் பிடித்தது சரியா தப்பா என்று சண்டை. "விட்டுருக்கணும்," என்றார் அக்கா. "கொலை கொலைதானே," என்றாள் ஒருத்தி. மலாய் அக்கா ஏதோ சொல்ல, மொழிபெயர்க்க யாருக்கும் பொறுமையில்லை. தொழிற்சாலைப் பெண் கூட்டத்தை இடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்த மேடம் வேற கேஸ் ஏதாச்சும் பிடிச்சிருக்காங்களா?"

"இன்னும் நாலு புத்தகம் இருக்கு," என்றேன்.

"நாளைக்கு உங்க வீட்டைக் கழுவ நான் வரேன்," என்றாள். "நீங்க சொல்லிக்கிட்டே இருங்க."