முதலில் என் தங்கை வீடு

என் தங்கையின் கணவரை நாங்கள் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் மாப்பிள்ளை முறுக்கு என்ற ஒன்று அவரிடம் இருந்ததே இல்லை. முறுக்கிக்கொள்ள ஆள் வீட்டில் இருந்தால்தானே? ஊர் அடங்கிய பிறகு வருவார், ஆறிப்போனதைச் சாப்பிடுவார், தட்டின் முன்னாலேயே தூங்கி விழுவார்.

அவர் வேலை பார்ப்பது ஒரு பெரிய வளாகத்தில். வங்கி, பல் ஆஸ்பத்திரி, குளிர்பதனக் கிடங்கு, இன்னும் எத்தனையோ அலுவலகங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நெட்வொர்க். எந்தக் கதவு எப்போது திறக்க வேண்டும், எந்த விளக்கு எப்போது அணைய வேண்டும், எந்த ஏசி எவ்வளவு குளிர வேண்டும் என்ற செட்டிங்கை எல்லாம் அப்டேட் போட்டு அனுப்புவது இவர்தான். எடுத்த எடுப்பில் எல்லா இடத்துக்கும் அனுப்பிவிடக் கூடாதாம். முதலில் ஒரு மூலையில் போட்டுப் பார்த்து, கோளாறு இல்லையென்றால்தான் மற்ற இடங்களுக்கு. சோதித்துப் பார்ப்பதற்கென்று தனியாகப் பூட்டும் விளக்கும் வாங்கக் கம்பெனிக்கு மனசு வரவில்லை. நம் ஆள் என்ன செய்தார்? தன் வீட்டையே அந்த மூலையாகச் சேர்த்துவிட்டார்.

அன்றிலிருந்து எது வந்தாலும் முதலில் என் தங்கை வீட்டுக்குத்தான். அவள் போனில் 'சரி', 'வேண்டாம்' என்று இரண்டு பொத்தான்கள். 'சரி' அழுத்தினால் அந்த நிமிஷமே வளாகம் முழுக்கப் போய்விடும். போனதைத் திரும்ப எடுக்க வேண்டுமென்றாலும் அதுவும் ஒரு அப்டேட்டாக இவளிடம் வந்து, இவள் 'சரி' போட்டால்தான் உண்டு. மேலாளரே தலைகீழாக நின்றாலும் வேறு வழி கிடையாது.

கிடங்குக்கான குளிர் படுக்கையறைக்கு வந்து, அவள் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறாள். அதைக்கூட மன்னித்துவிடுவேன். என்னைப் படுத்தியதைத்தான் மன்னிக்க மாட்டேன். ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கை கழுவக் குளியலறைக்குள் போனவனால் வெளியே வர முடியவில்லை. ஊழியர் அட்டையைக் காட்டச் சொன்னது பூட்டு. சோப்பைக் காட்டிப் பார்த்தேன், மசியவில்லை.

"இரு அண்ணா, 'வேண்டாம்' போட்டுட்டேன்" என்றாள் தங்கை வெளியிலிருந்து. "பழைய செட்டிங் வர கொஞ்சம் நேரமாகும். ஸ்டூல் இருக்குல்ல, உக்காரு."

"உன் புருஷன் வரட்டும், இருக்கு அவருக்கு."

"அவர் வர்றதுக்குள்ள நீ அங்கயே குளிச்சுத் தூங்கி எழுந்திரிச்சிடலாம்."

கதவு திறந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். கண் கலங்கியிருந்தது. "எல்லாமே இந்த வீட்டுக்குத்தான் முதல்ல வருது அண்ணா. அவர் மட்டும் கடைசியா வர்றார். ஒரு நாளாவது வெளிச்சம் இருக்கும்போதே அவர் வீட்டுக்கு வரணும். அவ்வளவுதான் நான் கேக்கறது." பூட்டின் மேல் இருந்த கோபம் முழுக்க மாப்பிள்ளை மேல் திரும்பியது.

அதற்குப் பிறகு அவள் எதற்கும் 'சரி' போடவில்லை. விடுமுறை முடிந்த செய்தி வங்கிக் கதவுக்குப் போய்ச் சேரவே இல்லை. ஊழியர்கள் பல் ஆஸ்பத்திரி வழியாகப் புகுந்து போனார்கள். அப்படிப் போனவர்களில் இரண்டு பேருக்குப் பல்லைப் பிடுங்கியும் விட்டார்களாம். கடைசியில் மேலாளரே பிஸ்கட் பாக்கெட்டோடு ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். துணைக்கு இருக்கட்டும் என்று தங்கை என்னையும் வரச் சொல்லியிருந்தாள்.

"நீங்க மனசு வெச்சாத்தாம்மா பேங்க் திறக்கும்" என்று கையைப் பிசைந்தார் மேலாளர்.

"திறக்கட்டும். ஆறு மணி ஆனா அவர் ரூம்ல விளக்கு அணையணும். அவர் வெளிய போற வரைக்கும் மணி அடிக்கணும். அதையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்க, அழுத்தறேன்."

மேலாளர் அங்கிருந்தே மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். சொன்னபடியே அப்டேட் வந்தது. ஆறு மணிக்குத் தங்கை வீட்டில் விளக்கெல்லாம் அணைந்து, காது கிழிய மணி அடித்தது. மூன்று பேரும் விழுந்தடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தோம். "நல்லா வேலை செய்யுது" என்று அங்கே நின்றபடியே 'சரி' அழுத்தினாள்.

மூச்சு விடுவதற்குள் மேலாளரின் போன் அலற ஆரம்பித்தது. அறை எண்ணைக் குறிப்பிட மாப்பிள்ளை மறந்துவிட்டார். அத்தனை மாடிகளிலும் விளக்கு அணைந்து மணி அடித்ததில் வளாகமே காலியாகி ரோட்டில் நின்றது. பல் டாக்டர் கையில் கருவியோடு நின்றாராம், பக்கத்தில் நோயாளி வாயைத் திறந்தபடி. கொஞ்ச நேரத்தில் ஊழியர்களின் வீடுகளிலிருந்தும் அழைப்புகள். இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டாரே, வேலை போய்விட்டதா என்று மனைவிமார் விசாரித்தார்கள். மேலாளருக்கு வியர்த்துக் கொட்டியது.

மாப்பிள்ளை வெளிச்சம் இருக்கும்போதே நடந்து வந்தார். "தப்பு என்னுதுதான் மச்சான்" என்றார் என்னைப் பார்த்து. "திரும்ப எடுக்கற அப்டேட்டை அனுப்பிட்டுத்தான் வந்தேன்." திட்ட வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. தங்கை, மணி அடிக்க அடிக்க இருட்டுக்குள் போய்ச் சட்டியையும் தட்டையும் எடுத்து வந்து, அவரை வாசல்படியில் உட்காரவைத்துப் பரிமாறினாள். சோற்றிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அவர் ஊதி ஊதிச் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீசையெல்லாம் நரைச்சிருக்கே. எப்போலேருந்து?"

"தெரியலையே" என்றார் அவர், மீசையைத் தடவியபடி.

வீட்டுக்குள் மணி நின்று விளக்கெல்லாம் எரிந்ததும், மேலாளர் பொறுக்க முடியாமல் கிட்டே வந்தார். "அம்மா, உங்க போன்ல வந்திருக்கும் பாருங்க. 'சரி' போட்டீங்கன்னா எல்லாரும் உள்ள போய் வேலையைப் பாப்பாங்க."

"இருங்க சார், இன்னும் சோதிச்சு முடிக்கல" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.